கோல் காப்பாளர் வந்துசேராத அணி

1

எங்கள் நகரத்து விளையாட்டு மண்டபத்துக்கு இந்த வருடம் ஐம்பது வயது. டென்மார்க்காரருக்குப் பூச்சியத்தில் முடிகிற வயது எதற்கு வந்தாலும் கேக் வெட்டாமல் மனம் ஆறாது. மனிதருக்கு மட்டுமல்ல, பாலத்துக்கும் வெட்டுவார்கள், பேக்கரிக்கும் வெட்டுவார்கள். போன மாதம் மண்டபக் கமிட்டியில் இருக்கிற கேர்ஸ்டன் என்ற பெண்மணி, நான் தரை துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, விழா மலருக்கு உங்கள் அணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

"எப்போது தொடங்கினீர்கள், என்ன வென்றீர்கள், எப்படி முடிந்தது. அவ்வளவுதான். கொஞ்சம் சந்தோசமாக எழுதுங்கள்" என்றார்.

நான் இப்போது இந்த மண்டபத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலையில் ஓய்வு பெற்றவர்கள் பட்மின்டன் அடிக்க வருவார்கள். பின்னேரம் சின்னப்பிள்ளைகளின் ஜிம்னாஸ்டிக். இரண்டுக்கும் நடுவே துடைக்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு நான். இந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். அதில் பாதி ஞாயிற்றுக்கிழமைகளை இந்தத் தரையில், இதோ இந்த வடக்குப் பக்கத்துக் கோலுக்குள் நின்று கழித்திருக்கிறேன். அதனால் எழுதுவது சுலபம் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

ஒரு பக்கம் எழுதினேன். தொடங்கிய விதம், கிண்ணங்கள், ஒரு பருவம் முழுக்கச் சம்பளம் வாங்கி விளையாடியது, பிறகு கலைந்தது. எல்லாம் உண்மை. ஆனால் வாசித்துப் பார்த்தால் சிரித்து விளையாடி, வயது போய், வயிறு வைத்து, வீட்டுக்குப் போன ஒரு கூட்டத்தின் கதை போல இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். மே மாதம் வந்தால் எனக்கு இது நெஞ்சுக்குள் கிடந்து உருளும். இந்த முறை எழுதித்தான் பார்ப்போமே.

2

அணியின் பெயர் "ஞாயிறு". பெரிய யோசனையெல்லாம் இல்லை. மண்டபம் எங்களுக்குக் கிடைத்தது ஞாயிறு காலையில் மட்டும். சனி முழுக்கக் குடித்த டென்மார்க்காரர் எழும்பாத நேரம் அது. "ஞா" என்ற எழுத்தை அவர்கள் வாயில் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் "நைரோ" என்று நின்றது. கென்யாவில் இருந்தா வந்தீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு.

இங்கே பனிக்காலத்தில் புல்வெளியைப் பூட்டிவிடுவார்கள். உதைபந்தாட்டம் மண்டபத்துக்குள் வந்துவிடும். பக்கத்துக்கு ஐந்து பேர், சுற்றிவரப் பலகை. பந்து வெளியே போகாது, பலகையில் பட்டுத் திரும்பி வரும். மதிலில் அடித்துப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது சொர்க்கம். ஆனால் சும்மா போய் விளையாட முடியாது. டென்மார்க்கில் நாலு பேர் சேர்ந்து தும்முவதற்கும் சங்கம் வேண்டும். தலைவர், பொருளாளர், யாப்பு என்கிற சட்டதிட்டம், வருடத்துக்கொரு பொதுக்கூட்டம், கூட்டத்தில் கோப்பி. எல்லாவற்றையும் வைத்தோம். மண்டபத்தைக் கொமூன, அதாவது நகரசபை, இலவசமாகத் தந்தது.

தலைவர் சிவநேசன் அண்ணை. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் நல்ல விளையாட்டுக்காரனாக இருந்தவர். பேச்சு குறைவு, ஆனால் பந்து காலில் வந்தால் மனிதர் வேறு ஆள். நான் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். என்னை அணியில் சேர்த்ததற்கு ஒரே காரணம், முதலில் கார் வாங்கியவன் நான்தான். கார் வைத்திருப்பவனை வெளியே நிறுத்த முடியாது, ஓடவும் அவனுக்குத் தெரியாது, ஆகவே கோலுக்குள் விடு என்று முடிவாயிற்று. அப்படித்தான் நான் கோல் காப்பாளர் ஆனேன். என் காவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அண்ணை ஒருநாள், "நீ ஒதுங்கி நிண்டா அரைவாசிப் பந்து கோலுக்கு வெளியால போகும்" என்றார். பகிடிதான். ஆனால் முழுப் பகிடி என்று சொல்ல மாட்டேன்.

அணியில் பெந்தெகொஸ்தே சபைக்காரர் இருவர் இருந்தார்கள். பத்து மணியானால் வேர்வையோடு உடுப்பை மாற்றிக்கொண்டு ஆராதனைக்கு ஓடிவிடுவார்கள். மற்றவர்கள் திருநீறு. சண்டை வந்தது பந்துக்காக மட்டும்தான்.

3

வருடங்கள் போகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பார்க்க வந்து பலகைக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவன் நிரோசன், சிவநேசன் அண்ணையின் ஒரே மகன். அண்ணையின் கால் அவனுக்கு, ஆனால் வேகம் இரண்டு மடங்கு. பத்தொன்பது வயதில் நகரத்தின் பெரிய கழகம் கூப்பிட்டும் போகவில்லை. "அப்பாவின் அணியில்தான் விளையாடுவேன்" என்று டெனிசில் சொன்னான்.

டெனிசில் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பதில் டெனிசில் வரும். வீட்டில் நாங்கள் ஒன்று கேட்க அவர்கள் ஒன்றில் பதில் சொல்ல, இரண்டு தண்டவாளம் போல வாழ்க்கை ஓடியது. தரையிலும் அப்படித்தான். நாங்கள் "விடு, விடு, பின்னால ஆள்!" என்று கத்துவோம், அவர்கள் தங்கள் பாசையில் கூவுவார்கள். எதிரணிக்குப் பாதிதான் விளங்கும். அதை ஒரு தந்திரம் என்று சொல்லி நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஆனால் அவர்கள் எங்களைவிட வேறு பிள்ளைகள் என்பது சின்னச் சின்ன இடங்களில் தெரியும். ஒருமுறை கடைக்காரி மிச்சக் காசைக் கூடுதலாகத் தந்துவிட்டாள் என்று என் மகள் பாதி வழியில் இருந்து என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். பொய் சொல்லக்கூடாது என்று நாங்களும்தான் சொல்லி வளர்த்தோம். அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

4

போர் முடிந்த வருடத்துக்கு முந்திய இலையுதிர் காலம். சிவநேசன் அண்ணைக்கு ஊரில் மிஞ்சி இருந்தது ஒரே ஒரு தம்பி, குகன். வீட்டில் மூத்தவர் அண்ணை, கடைசி குகன். இடையில் பிறந்த மூன்று பேரையும் சண்டை வெவ்வேறு காலத்தில் கொண்டுபோய்விட்டது. தாயும் தகப்பனும் இல்லை. குகன் யாழ்ப்பாணத்தில் பேர்போன கோல் காப்பாளர். அங்கே இருக்க முடியாமல் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். தமிழ்ப் பெடியன்கள் லொட்ஜில் இருந்தால் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு முறை பொலிஸ் கொண்டுபோய் விசாரித்துவிட்டு விட்டிருந்தது. மூன்றாம் முறை வருவது பொலிசாக இராது, ஆள் கடத்துகிற வெள்ளை வானாக இருக்கும் என்று எல்லோருக்கும் பயம்.

அண்ணையும் நானும் ஒரு டெனிஸ் சட்டத்தரணியிடம் போனோம். தம்பியை எடுக்கச் சட்டத்தில் வழி இல்லை என்றார். எழும்பி வரப் போகும்போது, "தம்பி என்ன தொழில்?" என்று சும்மா கேட்டார்.

அண்ணை, "உதைபந்தாட்டம்" என்றார்.

அந்த மனிதர் பேனையைத் திரும்ப எடுத்தார். விளையாட்டு வீரருக்கென்று தனி அனுமதி ஒன்று இருக்கிறது. மேற்பிரிவில் விளையாடுகிற கழகமாக இருக்க வேண்டும், உண்மையான சம்பள ஒப்பந்தம் இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு ஆள் தேவை என்று காட்ட வேண்டும். எங்களுக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். கடைசி நிபந்தனைக்கு என் விளையாட்டே போதிய அத்தாட்சி. மற்ற இரண்டுக்கும் வேலை செய்ய வேண்டியிருந்தது.

"இதில் மறைக்க ஒன்றும் இல்லை. முழுக்கச் சட்டப்படியானது. பத்திரிகையில்கூடப் போடலாம்" என்று சட்டத்தரணி வாசல்வரை வந்து சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் அண்ணை சொன்ன முதல் வார்த்தை: "ஒருத்தருக்கும் சொல்லாதை."

"பெரிய ஆக்களுக்குச் சொல்லத்தானே வேணும் அண்ணை, அவையள்தானே விளையாடுறது."

"அவைக்குச் சரி. பிள்ளையளுக்கு வேண்டாம். உதுகள் பள்ளிக்கூடத்தில, வேலையில, யாரும் கேட்டா உள்ளதை அப்படியே கொட்டிப்போடுங்கள். வெள்ளையன் காதில விழுந்து, இவங்கள் ஆள் எடுக்கத்தான் கழகம் நடத்துறாங்கள் எண்டு ஒரு கதை கிளம்பினா எல்லாம் போச்சு."

"நிரோசனுக்குமோ?"

"அவனுக்குத்தான் முக்கியமாச் சொல்லக்கூடாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அகதியாக வந்தவர்களின் புத்தி அது. முதல் விசாரணையில் ஒரு சொல் கூடிப் போனதால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அலுவலகம், அதிகாரி, கடிதம் என்று எது வந்தாலும் பிள்ளைகளை அறைக்குள் அனுப்பிவிட்டுக் குசுகுசுத்தோம். டென்மார்க் கடவுச்சீட்டு கையில் வந்த பிறகும் குசுகுசுத்தோம். வெளிச்சத்தில் நடந்து போகக்கூடிய ஒரு காரியத்தையும் ஒளித்துக் கொண்டுபோவது எங்களுக்குப் பழகிவிட்டது.

5

சம்பளத்துக்கு நான் வேலை செய்த தொழிற்சாலையின் முதலாளி கெல்ட் முன்வந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. எங்கள் ஆட்டத்துக்குத் தவறாமல் வருவார். அண்ணை அவரிடம், "இலங்கையில் இருந்து ஒரு நல்ல கோல் காப்பாளரை எடுக்கப் போகிறோம்" என்று மட்டும் சொன்னார். கெல்ட் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார். ஆனால் ஒருவருக்கு மட்டும் சம்பளம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்று அவருக்கு ஒரு நியாயம். எல்லோருக்கும் ஒப்பந்தம் எழுதினார். சின்னச் சம்பளம்தான், ஆனால் வரி வெட்டுகிற சம்பளம்.

அப்படி நாங்கள் தொழில்முறை அணி ஆனோம். காலை முழுக்கப் பன்றி வெட்டிவிட்டும் யன்னலுக்குக் கண்ணாடி பொருத்திவிட்டும் வந்து பின்னேரம் பயிற்சி எடுக்கிற தொழில்முறை வீரர்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுக்க வந்தபோது எங்களில் இருவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். நிரோசனும் மற்ற இளசுகளும் சந்தோசத்தில் மிதந்தார்கள். கெல்டுக்கு எங்கள் திறமை விளங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

மிச்சம் இருந்தது மேற்பிரிவு. நாங்கள் இரண்டாம் பிரிவில் இருந்தோம். அந்தப் பனிக்காலம் முழுக்க வென்றுகொண்டே போக வேண்டும்.

அதே பனிக்காலத்தில்தான் வன்னியில் ஒவ்வொரு இடமாக விழுந்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி அணையவில்லை. சோறு சமைத்தபடி கிடந்தது. வேலைக்குப் போனால் கெல்ட் வந்து தோளைத் தொட்டு, "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்பார். நல்ல மனிதர். நான் யன்னல் சட்டத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். பின்னேரம் மண்டபத்துக்கு வந்தால் அண்ணை வேறு ஒரு ஆளாக நின்றார். பந்தை இழந்தவனைப் பேர் சொல்லித் திட்டினார். முன்பு ஒருபோதும் திட்டியவர் அல்ல. ஒருநாள் நிரோசன் ஒரு பந்தைச் சிரித்துக்கொண்டு தவறவிட, "சிரிக்கிறியோடா? சிரிக்கிற நேரமோ இது?" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

உடுப்பு மாற்றுகிற அறையில் நிரோசன் என்னிடம், "அப்பாவுக்கு என்ன நடந்தது, மாமா? இது விளையாட்டுத்தானே?" என்று கேட்டான்.

"ஊர்ப் பிரச்சினை, தம்பி. யோசிக்கிறார்" என்றேன். பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

6

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. பிரெடெரிசியா என்ற நகரத்தில் கடைசி ஆட்டம். வென்றால் மேலே. சமநிலை போதாது. அடுத்த நாளே விண்ணப்பத்தை அனுப்பச் சட்டத்தரணி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். குகன் லொட்ஜில் தொலைபேசிக்குப் பக்கத்தில்.

எதிரணி டென்மார்க்காரர். பலசாலிகள். முதற்பாதியிலேயே நான் மூன்று பந்தை உள்ளே விட்டேன். ஒன்று என் கால்களுக்கு நடுவால். இரண்டாம் பாதியில் நிரோசன் தனி ஆளாக அணியை இழுத்துக்கொண்டு வந்தான். பலகையில் அடித்து, திரும்பி வருகிறதை எடுத்து, இன்னொருவனைச் சுற்றி. நான் நாலாவதையும் விட்டேன். அவன் நாலாவதை அடித்தான். நாலுக்கு நாலு. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை.

பந்து வலப்பக்கப் பலகையில் பட்டு உயர்ந்து வந்தது. நிரோசன் பாய்ந்தான். கூட்டத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை, பந்து வலைக்குள் கிடந்தது. நடுவர் ஊதிக் கையை நடுவுக்குக் காட்டினார். கோல்! அண்ணை பலகையைத் தாண்டி உள்ளே ஓடி வந்துவிட்டார். ஆராதனைக்குப் போகாமல் நின்ற இருவரும் தரையில் முழங்காலில் விழுந்தார்கள். நான் என் கோலுக்குள் தனியாக நின்று அழுதேன். அந்த நிமிடம் நான் குகனை மனக்கண்ணில் பார்த்தேன், எங்கள் மண்டபத்துக் கோலுக்குள், என் இடத்தில்.

எதிரணிக் கோல் காப்பாளர் மட்டும் நடுவரிடம் போய் ஏதோ சொன்னார். நடுவர் நிரோசனிடம் வந்தார். வயது போன, அமைதியான மனிதர். "நான் பார்க்கவில்லை. கையில் பட்டதா?" என்று கேட்டார்.

நிரோசன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு வலது கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ஓம். பட்டது."

கோல் இல்லை என்றார் நடுவர். எதிரணித் தலைவன் ஓடி வந்து நிரோசனைக் கட்டிப் பிடித்தான். பார்வையாளர் எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். கெல்டும் கை தட்டினார், கண் கலங்கி. விசயம் தெரிந்த பெரியவர்கள் நாங்கள் ஆறு பேர் மட்டும் கையைத் தொங்கவிட்டபடி நின்றோம். மிச்ச நேரம் ஓடி முடிந்தது. நாலுக்கு நாலு.

திரும்பும்போது கார் ஓட்டியவன் நான். அண்ணை முன்னால், நிரோசன் பின்னால். பாதி வழியில் அவன் டெனிசில், "மன்னியுங்கோ, அப்பா" என்றான். அண்ணை ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் பட்டதுதானே" என்றான். காரை ஓரத்தில் நிறுத்தி, எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிவிட வேண்டும் போல எனக்கு இருந்தது. தம்பி அவருடையது, மகன் அவருடையது, நடுவில் கார் மட்டும்தான் என்னுடையது. சொல்லவில்லை.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் நிரோசனின் படம் வந்தது. நேர்மையான வீரன் என்று தலைப்பு. சங்கத்துக்கு யாரோ ஒரு டெனிஸ் குடும்பம் பூங்கொத்து அனுப்பியிருந்தது. நான் நாலு பந்தை விட்டதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் ஆட்களும் கதைக்கவில்லை. பெடியன் திருப்பிக் கொடுத்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு வீடு கதைத்தார்கள், அவன் வந்தால் நிறுத்தினார்கள்.

7

அடுத்த பருவத்தில் பார்ப்போம் என்று குகனுக்குச் சொல்லியாயிற்று. கெல்ட் ஒப்பந்தத்தை நீட்டவும் தயாராக இருந்தார். ஆனால் மே மாதம் அதற்கு முதல் வந்துவிட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அந்தக் கிழமை, நாங்கள் கோப்பன்ஹேகனில் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்த் தெருவில் நின்றோம். கொழும்பில் தெருவில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். குகன் தொலைபேசி அட்டை வாங்க லொட்ஜுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனவர். கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் நின்றது என்று லொட்ஜ்காரர் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அதற்கு மேல் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அந்த இலையுதிர் காலத்தில் மண்டபச் சாவியை எடுக்க ஒருவரும் போகவில்லை. பொதுக்கூட்டம் கூட்டினோம், மூன்று பேர் வந்தார்கள், கோப்பி மிஞ்சியது. எங்கள் நேரத்தைக் கொமூன வேறொரு கழகத்துக்குக் கொடுத்தது. விழா மலருக்கான பக்கத்தில் இதை "இயல்பாக முடிவுக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

நிரோசனுக்குச் சித்தப்பா காணாமல் போனது தெரியும். அந்த வருடம் யார் வீட்டில்தான் ஒருவர் காணாமல் போகவில்லை? அவன் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் காரணம் இருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தான் கையைத் தூக்கிய நாளுக்குப் பிறகு, வேறு கழகத்தில் தான் விளையாடிய ஒரு ஆட்டத்தையும் அப்பா பார்க்க வரவில்லை. அவன் படிக்க ஓஹூஸ் நகரத்துக்குப் போனான், அங்கேயே இருந்துவிட்டான். அண்ணை அவனோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பிட்டியோ, வேலை எப்படி, கார் ஓடுதோ என்று கேட்பார். அதோடு சரி.

அண்ணை மகனை வெறுத்தார் என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை என்னிடம், "அவன் செய்தது பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும்டா. அவன்ர முகத்தைப் பாக்கேக்க எனக்குக் குகன்ர நினைவு வருது, நான் என்ன செய்ய?" என்றார். அதை மகனிடம் சொல்லுங்கோ என்றேன். இப்ப சொன்னால் அவன் சித்தப்பாவைத் தான் கொன்றதாக நினைப்பான் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் எல்லா மௌனத்துக்கும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது, அதுதான் கேடு.

போன வருடம் பனிக்காலத்தில் அண்ணை போய்விட்டார். இருதயம். செத்தவீட்டில் நிரோசன் டெனிசில் பேசினான். "அப்பா எனக்குப் பந்தை நிறுத்தக் கற்றுத் தந்தார். அப்பாவுக்குத் தோற்பது மட்டும் பிடிக்காது" என்றான். டெனிஸ் நண்பர்கள் மெல்லச் சிரித்தார்கள். எனக்கு எழும்பி வெளியே போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை.

8

போன சனிக்கிழமை நிரோசன் தாயைப் பார்க்க வந்தவன், என் வீட்டுக்கும் வந்தான். என் டெனிஸ் பக்கத்தைத் திருத்தித் தரக் கேட்டிருந்தேன். எங்கள் கடிதங்களை எங்கள் பிள்ளைகள் திருத்துவது புதிதல்ல, எட்டு வயதில் இருந்து அதுதான் அவர்கள் வேலை. குசினி மேசையில் தேத்தண்ணியோடு இருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வந்தான். சம்பள அணி என்ற இடத்தில் நின்றான்.

"இது எனக்கு அப்போதும் விளங்கவில்லை, மாமா. எங்களுக்கு ஏன் ஒப்பந்தம்? யாருக்குத் தேவைப்பட்டது?" டெனிசில்தான் கேட்டான்.

செத்தவீட்டில் அவன் சொன்ன வார்த்தை எனக்குள் இன்னும் கிடந்தது. அண்ணை இல்லை, இனி அவருக்காகக் காக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. சொன்னேன். சட்டத்தரணியில் இருந்து வெள்ளை வான்வரை எல்லாவற்றையும், இடையில் நிறுத்தாமல்.

அவன் கணினியை மூடினான்.

"இது சட்டப்படி சரியான காரியம்தானே?"

"ஓம்."

"அப்படியானால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

பழக்கம் என்று சொன்னால் அவனுக்கு விளங்குமா?

"தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய், தம்பி?"

"தெரியாது. இப்போது எப்படிச் சொல்வது? அந்த நடுவர் கேட்டபோது எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. யோசிக்க ஏதாவது தந்திருக்கலாம்." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டான்: "சித்தப்பாவுக்குத் தெரியுமா, என்னால்தான் என்று?"

"தெரியும்" என்றேன். ஆட்டத்துக்கு அடுத்த நாள் அண்ணை வீட்டுக் குசினியில் இருந்து கொழும்புக்கு எடுத்தபோது நானும் இருந்தேன். அண்ணையால் கதைக்க முடியாமல் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான்தான் நடந்ததைச் சொன்னேன். குகன் சிரித்தார். "கையில பட்டா கோல் இல்லைத்தானே, அண்ணை. கேக்க முதலே உங்கட பெடியன் ஒத்துக்கொண்டவனோ, கேட்ட பிறகோ?" என்றார். கேட்ட பிறகு என்றேன். "பரவாயில்லை, கேட்டும் ஒத்துக்கொள்ளாத ஆக்களோடதான் நான் இவ்வளவு நாளும் விளையாடினனான். அவனைப் பேசாதேங்கோ. நான் வந்தா அவனுக்குப் பின்னால நிக்கிறது எனக்குச் சந்தோசம்" என்றார்.

இதை அப்படியே தமிழில் நிரோசனுக்குச் சொன்னேன்.

"அப்பாவுக்கும் இது கேட்டதா?"

"கேட்டது."

அவன் எழும்பி யன்னலடிக்குப் போனான். வெளியே என் மனைவி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடி நின்றவன், தமிழில் கேட்டான். அவன் வாயில் இருந்து முழுதாக ஒரு தமிழ் வசனம் கேட்டு எத்தனையோ வருடம்.

"சித்தப்பா எவ்வளவு உயரம், மாமா?"

கோல் காப்பாளரைப் பற்றி ஒரு விளையாட்டுக்காரன் கேட்கிற முதற் கேள்வி அது. நான் யோசித்தேன். நான் குகனை நேரில் கண்டதில்லை. நிரோசனுடைய தாய் வவுனியாப் பக்கம், புருசன் வீட்டாரைக் கண்டதே இல்லை. சிவநேசன் அண்ணை ஊரை விட்டு வந்தபோது குகனுக்கு மூன்று வயது, அதன் பிறகு குரல் மட்டும்தான்.

"தெரியாது, தம்பி" என்றேன். "அப்பாவுக்கும் தெரிஞ்சிராது."